பின்னலைப் பிடித்த கை

கல்யாணப் படம் பேச வருகிறவர்கள் அழகுமீனாவிடம் முதலில் கேமராவைப் பற்றிக் கேட்பதில்லை. ட்ரோன் உண்டா, மண்டபத்தில் பெரிய திரை வைப்பீர்களா, ஆல்பம் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் பிறகுதான். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுவரில் மாட்டியிருக்கும் ஜோடிப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கூட வந்த பெரிய மனுஷி ஒருத்தி மெதுவாகக் கேட்பாள்.

"வீட்டுக்காரரு என்ன செய்றாக?"

"வேன் ஓட்டுறாக. பட்டாசுக் கம்பெனி வேன்."

"நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான். அந்தக் கண் அவளுடைய நெற்றியையும் கழுத்தையும் ஒருமுறை தொட்டுவிட்டு வரும். தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு ஒரு கை தூரத்தில் நிற்கப் போகிறவள் கட்டுக்கழுத்தியா, தாலியோடு இருக்கிறவளா என்று தெரிய வேண்டும். ஆண் போட்டோகிராபர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அழகுமீனா இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதுமில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதான். புருஷனை இழந்து, மண்டபத்துத் தூணோரம் நின்று பெற்ற மகள் கல்யாணத்தைப் பார்க்கும் தாய்மார்களை, "அம்மா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று அவளே நகர்த்தியிருக்கிறாள். பட்டாசு வட்டாரத்தில் தூணோரம் நிற்பவர்கள் அதிகம்.

சாத்தூரில் வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டூடியோ. அதற்கு முன்னால் சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் தாள் அடுக்கினாள். குழந்தைக் காலண்டருக்குப் படம் எடுக்கும் நாளில், அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்க ஆள் வேண்டுமென்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கிலுகிலுப்பையை ஆட்டியபடியே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டாள். படம் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் கேமரா அவள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அது கையைவிட்டுப் போகவில்லை.

முதலில் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்த சடங்கு வீடுகள். ஆண்கள் நுழைய முடியாத அறைக்குள் அவள் நுழைந்தாள். பிறகு கல்யாணங்கள். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியை வெளியே கூட்டிப்போய்ப் படம் எடுக்கும் வழக்கம் வந்ததும், பெண்ணைப் பெற்றவர்களுக்கு அவள் இன்னும் தோதாகிப் போனாள். "மீனாக்கா கூடப் போறா, பயமில்ல" என்று அணைக்கரைக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் அனுப்பி வைத்தார்கள். அங்கே போனால் மாப்பிள்ளைகள் விறைத்துப்போய் அவளையே பார்ப்பார்கள். "தம்பி, பொண்ணப் பாருங்க. நான் ஒண்ணும் போலீஸ் இல்ல" என்பாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படம் எடுத்துவிடுவாள்.

ஏணி, விளக்குகள், பெட்டிகள் எல்லாம் புருஷன் பாண்டிராஜின் வேன் கூரையில் போகும். காலையில் கம்பெனிக்கு ஆட்களை இறக்கிவிட்டு, அப்படியே மண்டபத்துக்கு வருவான். "கம்பெனிக்கு ஆளு, பொண்டாட்டிக்கு ஏணி. ரெண்டு எடத்துலயும் எனக்குப் பேரு டிரைவருதான்" என்று சிரிப்பான். மகள் இசைவாணி மின்பொறியியல் படித்து ஓசூரில் வேலை பார்த்தாள். முகூர்த்த மாதத்தில் விடுப்புப் போட்டு வந்து, வீடியோ மேஜையில் உட்காருவாள். எந்த கேமராவின் காட்சி மண்டபத்துத் திரையில் ஓட வேண்டும் என்று பொத்தானை அழுத்துவது அவள். அம்மா காதிலும் மகள் காதிலும் ஹெட்செட் இருக்கும். கூட்ட இரைச்சலுக்கு நடுவே இருவரும் முணுமுணுப்பில் பேசிக்கொள்வார்கள்.

ஆவணியில் பானுப்பிரியா கல்யாணம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கம்பெனிகளில் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு நம்ம செட்டு பூரா வந்துரும். பாண்டியண்ணே வேன்லயே கூட்டிட்டு வாராக" என்று மாப்பிள்ளையின் அக்கா யோகலட்சுமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். செட்டு என்றால், ஒரே அறையில் அவளோடு உட்கார்ந்து வெடிக்குத் திரி வைக்கும் பெண்கள். தம்பி கல்யாணம் என்பதால் அவளுக்கு மட்டும் லீவு கிடைத்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் முருகேஸ்வரிக்கு வேறு கவலை. மண்டப வாசலில் வைக்க வேண்டிய பெரிய ஜோடிப் படம் இன்னும் வரவில்லை.

"ஏம்மா மீனா, வாசல் வெறிச்சுனு கெடக்கு. வாரவுக யாரு வீட்டுக் கல்யாணம்னு கேட்டுட்டு வாராக."

"வந்துரும்க்கா. கம்பெனியில ஆள எறக்கிட்டு, சிவகாசில பிரிண்ட வாங்கிக்கிட்டு நேரா வரச் சொல்லிருக்கேன்."

"உன் வீட்டுக்காரரு எந்நேரம்தான் வருவாரு?"

"வந்துக்கிட்டே இருப்பாக."

சொல்லிவிட்டு அழகுமீனா, முந்தின ராத்திரியே பாண்டிராஜ் இறக்கிவைத்துப் போன ஏணியில் மேடையோரம் ஏறினாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. பெண்ணை அழைத்துவரப் போயிருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் ஓங்கி ஒலித்தன. முழு மேடையும் சட்டத்துக்குள் வருமாறு அவள் கேமராவைத் தூக்கியபோது, ஏணியின் கால்கள் வழியாக ஓர் அதிர்வு ஏறி அவள் உள்ளங்கால்களுக்கு வந்தது.

தவில் அல்ல. தவில் நெஞ்சில்தான் அடிக்கும். இது தரையிலிருந்து வந்தது.

கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏணி உயரத்தில் மட்டும், மேடைக்குப் பக்கத்துச் சுவரின் மேல் ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தெற்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுப்பகுதி கறுத்தது. அந்தத் தொட்டிக்குப் பின்னால் எந்தக் கம்பெனி இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பல நாள் அவளே அந்த வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

"இசை" என்றாள், உதடு அசையாமல்.

"பாத்தியாம்மா?" ஹெட்செட்டில் மகளின் குரல். அவள் மேஜையில் ட்ரோனின் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "ட்ரோன்ல தெரியுது. திரைக்குப் போகாம நிறுத்திட்டேன். இறக்கிக்கிட்டிருக்கேன்."

"அப்பா?"

"போட்டுக்கிட்டிருக்கேன்."

பெண் வந்தாள். பானுப்பிரியா தலை குனிந்து, கையில் மாலையோடு, தோழிகள் இரண்டு பக்கமும் பிடித்துவர மேடையேறினாள். பார்க்க வேண்டிய எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன. அழகுமீனா எடுத்தாள். விரல் தன் வேலையைச் செய்தது.

"ரிங் போகுது. எடுக்கல."

"மறுபடி போடு."

ஆட்களை இறக்கிவிட்ட பிறகு பாண்டிராஜ் இரண்டில் ஒன்று செய்வான். அவசரம் இருந்தால் உடனே கிளம்புவான். இல்லையென்றால் கம்பெனி வாசலுக்குள் வேப்பமர நிழலில் வேனை நிறுத்தி, பின் சீட்டில் நீட்டிப் படுப்பான். இன்று பிரிண்ட் வாங்க வேண்டும். கிளம்பியிருப்பான். கடை திறக்க நேரமாகும் என்று படுத்திருந்தால்? வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுப்பதில்லை. தூங்கும்போதும் எடுப்பதில்லை. எடுக்காத போனிலிருந்து ஒன்றும் தெரியாது.

அவளுக்குக் கீழே பாதி மண்டபம், கம்பெனிகளில் அக்கா தங்கையை, மகளை, மருமகளை வைத்திருக்கிற கூட்டம். ஒரு வாய் திறந்தால் போதும், எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். முகூர்த்தம் நிற்கும். பிறகு தாலி கட்டினாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிடும். பக்கத்து ஊரில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நிச்சயதார்த்தத்தன்று கம்பெனி வெடித்தது. இப்போது பேரன் எடுத்துவிட்டாள், இன்னமும் அவளை 'வெடியோட வந்தவ' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். மெல்ல ஏணியிலிருந்து இறங்கிய அழகுமீனாவுக்கு இன்னொன்றும் தோன்றியது. தோன்றியதும் கால் அடுத்த படியைத் தேடி நின்றுவிட்டது.

அவன் அந்த வேப்பமரத்தடியில் இருந்திருந்தால், இந்த நேரத்தில் தான் யார்?

மணவறைக்குப் பக்கத்தில் தான் நிற்கலாமா?

ஒதுங்கிக்கொள்ளலாம். இசைவாணியை மேலே கூப்பிட்டு கேமராவைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் போய் நிற்கலாம். கேட்டால் தலைசுற்றல் என்று சொல்லலாம். ஆனால் ஒதுங்கிய நிமிடமே, அவன் இல்லை என்று தானே முடிவு செய்ததாக ஆகிவிடும். போன் எடுக்காத ஒருத்தனை எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாக, கட்டினவளே கொன்றதாக ஆகிவிடும்.

அவள் கேமராவின் வாரைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மணவறைக்கு நடந்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று சத்தமாகச் சொன்னாள். "பெரியம்மா, போன உள்ள வைங்க, வெளிச்சம் முகத்துல அடிக்குது. மச்சான்மாரு எல்லாம் மேடையேறி நில்லுங்க. அங்கன வாசல்ல நிக்கிறவுகளையும் வரச் சொல்லுங்க, ஒரு படத்துல எல்லாரும் விழணும்."

"என்ன மீனாக்கா, இன்னைக்கு மிலிட்டரி மாதிரி இருக்கீக?" என்றான் ஒரு இளவட்டம்.

"உன் கல்யாணத்துல இதைவிட மோசமா இருப்பேன். ஏறு."

சிரித்தார்கள். ஏறினார்கள். வாசலும் ஜன்னலும் காலியாயின. தவில்காரரிடம் திரும்பி, இன்னும் ஓங்கி அடிக்கும்படி விரலைச் சுழற்றினாள். அவர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். வெடி ஊர்க்காரர். கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, குரூப்ல மெசேஜ் வர ஆரம்பிச்சிருச்சு" என்றது காது. "கம்பெனி பேரு போட்டு வருது."

"அப்பா?"

"எடுக்கல."

புரோகிதர் தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்க அனுப்பினார். அந்தத் தட்டு மண்டபத்தைச் சுற்றிவரும் நேரம் அழகுமீனாவின் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். தட்டு போகும் பாதையில் கைப்பைகளுக்குள் போன்கள் அதிர ஆரம்பித்தன. ஒருத்தி எடுத்துப் பார்த்தாள், முகம் மாறியது, பக்கத்தில் இருந்தவளின் தொடையைப் பிடித்து அழுத்தினாள். அந்த இன்னொருத்தி கைப்பையைத் திறப்பதற்குள் தட்டு அவள் முன்னால் வந்துவிட்டது. தாலியைத் தொட்டுக் கும்பிட்டாள். தொட்ட பிறகு எழுந்து ஓட மனம் வரவில்லை போலும். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தட்டு மேடைக்குத் திரும்பியது. "கெட்டிமேளம்!" என்றது ஒரு குரல்.

அந்த ஊர் வழக்கப்படி முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். நாத்தனார் பெண்ணின் பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் கழுத்தின் பின்புறம் தெரியும், முடிச்சும் விழும், படமும் விழும். யோகலட்சுமி பானுப்பிரியாவின் பின்னால் நின்று பின்னலைத் தூக்கியிருந்தாள். மற்ற கையில் போன். அது அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

அழகுமீனா கேமரா வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வரியைப் படிக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. யோகலட்சுமியின் கை தளர்ந்தது. பூவும் குஞ்சமுமாகக் கனத்த பின்னல் பெண்ணின் கழுத்தில் விழுந்து மூடிக்கொண்டது. யோகலட்சுமி மேடையின் பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டாள். ஒரு சத்தமும் போடாமல் போனாள்.

மாப்பிள்ளையின் கைகள் தாலியோடு காற்றில் நின்றன. மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பின்னலைத் தூக்க ஆளில்லை. முருகேஸ்வரி எதிர்ப்பக்கம் இருந்தாள். மாலைகளையும் குத்துவிளக்கையும் தாண்டி வர வேண்டும்.

அழகுமீனா ஒரு அடி முன்னால் வைத்தாள். இடது கையை நீட்டிப் பின்னலைத் தூக்கினாள். வலது கை கேமராவை உயர்த்தியது.

"கட்டுங்க தம்பி" என்றாள்.

அவன் கட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாவற்றையும் அவனே கட்டினான். அவன் விரல்கள் அழகுமீனாவின் கண்ணாடி வளையல்களில் இடித்தன. கீழே மேஜையில் இசைவாணியின் திரையில் அந்தக் கை தெரிந்தது, மண்டபத்துத் திரையிலும் தெரிந்தது. அட்சதை மழையாக விழுந்தது. எறிந்த கைகளில் சில, எறிந்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டன.

பிறகுதான் முதல் அலறல் எழுந்தது. நாற்காலிகள் விழுந்தன. மண்டபம் வாசல் வழியாக வெளியே கொட்டியது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்கள்.

"அம்மா." இசைவாணி போனை நீட்டியபடி மேடைக்கு ஓடி வந்தாள். "அப்பா நம்பர்லருந்து வருது. நீ பேசு. என்னால முடியல."

பேசியது பாண்டிராஜ் அல்ல, கம்பெனி வாட்ச்மேன்.

"மதினி, அண்ணனுக்கு உசுருக்கு ஒண்ணுமில்ல. பேசுறாக. கையும் நெஞ்சும்தான் கொஞ்சம்… சிவகாசிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க."

பாண்டிராஜ் வேப்பமரத்தடியில் படுத்திருக்கவில்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தான். ஆட்களை இறக்கிவிட்டு, சிவகாசியில் பிரிண்டை வாங்கி, மண்டபத்துக்குத் திரும்பும் வழியில்தான் புகையைப் பார்த்திருக்கிறான். வண்டியைக் கம்பெனிக்குத் திருப்பியிருக்கிறான். தான் காலையில் இறக்கிவிட்டவர்களையே மறுபடி ஏற்றியிருக்கிறான். ஆளைத் தூக்க இரண்டாவது தடவை உள்ளே போனபோது பக்கத்து அறை வெடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. உள்ளே இடம் வேண்டும் என்பதற்காக யாரோ அந்தப் பெரிய ஜோடிப் படத்தை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை.

"தாலி கட்டியாச்சா?" என்று கேட்டான் பாண்டிராஜ். முகத்தில் காயமில்லை. கழுத்துக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"ஆச்சு."

"படத்தக் கொண்டாந்து குடுக்க முடியலையே. அந்த அக்கா ஏசிருக்குமே."

"ஏசுனாக. நீங்க பேசாதீக."

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தீக்காயம் உடம்பில் எத்தனை சதவீதம் என்று டாக்டர் இசைவாணியிடம் சொன்னார். அவள் படித்தவள், அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று போனில் தேடிப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அழகுமீனாவும் கேட்கவில்லை. ஒரு வாரம் வரை அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். பிறகு பேசவில்லை. பிறகு இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வளையல் போன கையைப் பார்க்காமல் வீட்டு வேலை செய்ய அழகுமீனா பழகிக்கொண்டாள். வரும் முகூர்த்தங்களுக்குப் பேசி வைத்திருந்தவர்களில் இரண்டு வீட்டார் வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகச் சொல்லியனுப்பினார்கள். ஒரு வீட்டார் சொல்லாமலே பார்த்துக்கொண்டார்கள். இசைவாணி ஓசூருக்குப் போகாமல் விடுப்பை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் முருகேஸ்வரி வந்தாள். கூடவே பானுப்பிரியாவும் யோகலட்சுமியும். துக்கம் கேட்க முன்பே வந்துபோயிருந்தார்கள், இது வேறு வேலை. முருகேஸ்வரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஆல்பத்துக்கான படங்களை இசைவாணி திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மண்டபம், மாலை, தட்டு. பிறகு அந்தப் படம்.

மேடையோரம் நிறுத்தி வைத்திருந்த வீடியோ கேமராவிலிருந்து எடுத்தது. மாப்பிள்ளையின் குனிந்த தலை, பானுப்பிரியாவின் கழுத்து, மஞ்சள் கயிறு, பின்னலைத் தூக்கிப் பிடித்த ஒரு கை. பச்சைக் கண்ணாடி வளையல்கள். கைக்கு உரியவளின் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"இதத்தான் பேசணும்னு வந்தேன்" என்றாள் முருகேஸ்வரி. "மனசுல வச்சுக்காத மீனா. இந்தக் கை இருக்க வேண்டாம்."

முருகேஸ்வரி திரையில் அந்த வளையல்களைத் தொட்டுக் காட்டினாள்.

"கல்யாண வீட்டுப் படம். காலத்துக்கும் இருக்கப் போறது. நாளைக்கு ஒருத்தி பாத்து, இது யாரு கைன்னு கேப்பா. நான் என்ன சொல்ல? அதுவும் போக, நாத்தனா எங்கன்னு கேப்பா. எம்மக மணவறைய விட்டு ஓடுனா, அதனால இந்தக் கை வந்துச்சுன்னு சொல்லவா?" இசைவாணி பக்கம் திரும்பினாள். "நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. இந்தக் கைய எடுத்துட்டு எம்மக கைய வைக்க முடியும்லா? அதுக்குத்தான் அவளையும் கூட்டியாந்தேன். அதே சேலைதான் கட்டிருக்கா."

"முடியும்" என்றாள் இசைவாணி. குரல் தட்டையாக இருந்தது. "ஒரே கோணத்துல, ஒரே வெளிச்சத்துல எடுத்தா கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா நான் செய்ய மாட்டேன்."

"ஏளா, உன்னைய யாரு கேட்டா? உங்கம்மாவக் கேக்கேன்."

அழகுமீனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறர் கைகளை அவள் எத்தனையோ முறை அழித்திருக்கிறாள். குறுக்கே நீண்ட கை, எச்சில் இலையைத் தூக்கிய கை, பெண்ணின் தோளில் உரிமையில்லாமல் விழுந்த கை. கேட்டால் அழிப்பதுதான் தொழில்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கையில வளையல் கெடந்துச்சு" என்றாள். "அவுக ஆஸ்பத்திரியில என்கூடப் பேசுனாக. தாலி கட்டியாச்சான்னு கேட்டாக. அது கட்டுக்கழுத்திக் கைதான். இப்ப அதை அழிச்சேன்னா, இல்லைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். அது என்னால ஆகாது."

"எங்க ஆளுகள்ல தை வரைக்கும் கல்யாணம் வரிசையா இருக்கு, மீனா." முருகேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் என்கிட்டத்தான் கேப்பாக. மீனாவக் கூப்பிடலாமா வேண்டாமான்னு. நான் நல்ல வார்த்த சொல்லணும்லா?"

இசைவாணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அழகுமீனா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தை வரை வேலை இல்லையென்றால் முன்னறையைப் பூட்ட வேண்டியதுதான். காலண்டர் கம்பெனியில் மறுபடி தாள் அடுக்கப் போகலாம். அந்த வயதும் தாண்டிவிட்டது.

"உங்க மக கையப் படம் எடுத்துத் தாரேன்" என்றாள். "அதுவும் படம்தான், எடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கில்ல. மண்டபத்துப் படத்தையும் தாரேன். ரெண்டையும் கொண்டுபோயி வேற கடையில ஒட்டிக்கிடுங்க. என் கைய நான் அழிக்க மாட்டேன்."

முருகேஸ்வரி யோசித்தாள். "சரி, எடு. ஒட்டுறதுக்கு ஆளா இல்ல?"

அழகுமீனா பாண்டிராஜ் போனபிறகு முதல்முறையாகக் கேமராவைத் தூக்கினாள். கனமாக இருந்தது. விளக்கை மண்டபத்து வெளிச்சத்துக்குத் தக்கபடி தாழ்த்தி வைத்தாள். பானுப்பிரியாவை முக்காலியில் உட்கார வைத்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்காத அந்தப் பெண் அப்போது மட்டும், "அக்கா, பூவு இல்லாம பின்னலு எலிவாலு மாதிரி இருக்குமே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"யோகம், பின்னால வா. எடது கையால தூக்கு. அவ்வளவு உயரம் வேண்டாம். முழங்கைய உள்ள இழு."

யோகலட்சுமி தூக்கினாள். அழகுமீனா கண்ணை வைத்துப் பார்த்தாள். சட்டத்துக்குள் பின்னல் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது. காத்திருந்தாள்.

"மூச்ச விட்டுட்டுப் பிடி, யோகம். படம் ஆடும்."

யோகலட்சுமி பின்னலைக் கீழே விட்டாள். மெதுவாக, பானுப்பிரியாவின் முதுகில் சரியாகப் படியும்படி வைத்துவிட்டு, விலகி நின்றாள்.

"என்னாச்சு?" என்றாள் முருகேஸ்வரி.

"என்னால முடியாதும்மா."

"ஏ கழுத, ஒரு நொடி பிடிக்க முடியாதா?"

"அன்னைக்கே பிடிக்கல. இன்னைக்கு எதுக்குப் பிடிக்க?" யோகலட்சுமியின் குரல் ஏறியது. "எஞ்செட்டுப் பிள்ளைக அங்கன கரிஞ்சு கெடந்தாளுக. மத்தியானம் சோத்துக்கு வாரேன்னு சொன்னாளுக, எனக்கு எடம் போட்டு வையின்னு சொன்னாளுக. அந்நேரம் நான் இங்கன பட்டு கட்டிக்கிட்டு இவ முடியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு இந்தப் படம் காலத்துக்கும் சொல்லணுமா? நான் விட்டேன். விட்டுட்டு ஓடுனேன். அது அப்பிடியே கெடக்கட்டும்."

"ஊரு கேக்கும்டீ."

"கேக்கட்டும். ஓடுனான்னு சொல்லு. நான் ஓடாம இருந்திருந்தாத்தான் எனக்குக் கேவலம்."

முருகேஸ்வரி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். மகளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். யோகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றாள். பானுப்பிரியா முக்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "எனக்கு அந்தப் படமே போதும் அத்தை" என்றாள்.

அழகுமீனா கேமராவை இறக்கினாள். விளக்கை அணைத்தாள். முன்னறையில் கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அதில் அந்தப் படம் இன்னும் நின்றது. முருகேஸ்வரி நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டு, குனிந்து பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய கணவனும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேஸ்திரி.

"அச்சுக்கு எப்பம் அனுப்புவ?" என்று கேட்டாள் கடைசியில்.

"இந்த வாரம்க்கா."

"எம்மகன் தல ரொம்ப இருட்டா இருக்கு. அதக் கொஞ்சம் வெளிச்சம் பண்ணச் சொல்லு."

"பண்ணிருவோம்" என்றாள் இசைவாணி.

எழுந்தார்கள். மருமகளும் மகளும் முன்னால் இறங்கிப் போனார்கள். இந்த வீட்டுக்கு வந்துபோன எவரும் இத்தனை நாளில் விடைபெற்றுக்கொண்டு போகவில்லை. எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் போனார்கள். சாவு வீட்டில் அதுதான் முறை. முருகேஸ்வரி வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன் மீனா" என்றாள்.

தெரிந்து சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா என்று அழகுமீனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவுமில்லை.

"வாங்கக்கா" என்றாள்.